நெட்டையும் குட்டையும்

ராவுத்தர் கடையில் கண்ணாடிக்குக் கீழே
பச்சை வெல்வெட்டில் ஏழு படுத்திருந்தன.
"பாக்கறவனுக்கு ஈரக்குலை நடுங்கோணும்"
என்றார் சென்னியப்பன்.
அவர் கண்ணெல்லாம் சுவரில் சாத்தியிருந்த
இரட்டைக்குழல் மேல்.

நான் அளந்துகொண்டிருந்தது வேறு.
அவர் காரின் முன்சீட்டு.
நெட்டையை நிமிர்த்திப் பிடித்தால் கூரை இடிக்கும்.
சாய்த்தால் டிரைவர் மாரப்பனின் விலாவைப் பார்க்கும்.
அப்புறம் மண்டி.
ஏல நாளில் விரலி கொட்டிக் கிடக்கும் களத்தின் குறுக்கே
சல்லடையோடு நடக்கும் பெண்கள் எத்தனை,
மூட்டைக்குப் பின்னால் சோற்றுப்போசி திறக்கும்
சுமைக்காரர்கள் எத்தனை.
எல்.ஜி. தோட்டா ஒன்றுக்குள் ஆறு குண்டு.
ஒன்று வந்தவனுக்கு.
மீதி ஐந்தின் மேல் யார் பேரும் எழுதியிருக்காது.

"குட்டை போதுமுங்க" என்றேன்.
"இடுப்புல இருக்கறதே தெரியாது."
"தெரியாம இருக்கறதுக்கா
இத்தனை காசு குடுக்கறேன்?"

ராவுத்தர் சிரிக்கவில்லை.
வளையல்காரர் மாதிரி என் கையை வாங்கி
அமுக்கிப் பார்த்தார்.
மூன்றாவதை எடுத்து வைத்தார்.
பிடி உள்ளங்கையில் உட்கார்ந்தது,
அங்கேயே பிறந்தது போல.

சென்னியப்பன் கோயிலில் பூக் கேட்டார்.
வெள்ளை வந்தால் நெட்டை.
வெள்ளை வந்தது.
நெட்டையை வாங்கினார்.
அடுத்த வாரம், சாமிக்குத் தெரியாமல் போலக்
குட்டையும் வந்து சேர்ந்தது.
உரிமத்தில் அவர் பேர் பெரிதாய்,
அடியில் என் பேர்
மசி தட்டி.

இரண்டு வருசம் துப்பாக்கி துடைத்த துணியெல்லாம் மஞ்சள்.
குழலுக்குள், விசைக்குள், என் நகக்கண்ணில்.
சுடவேயில்லை.
சுடாத இரும்புக்கும்
வாரம் ஒருமுறை எண்ணெய் வேண்டும்.

பிறகு தேர்தல் அறிவித்தார்கள்.
உரிமத் துப்பாக்கியெல்லாம் ஸ்டேசனுக்கு.
ஏட்டு இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு
ஒரே ரசீது கிழித்துக் கொடுத்தார்.

"உறை மட்டும் இருக்கட்டும்."
"காலியாத் தொங்குமுங்க."
"என்னத்தையாச்சும் போட்டு வையி."
என் மூக்குக்கண்ணாடிக் கூடு
கச்சிதமாய் இருந்தது.

நாற்பது நாள் அதோடு நடந்தேன்.
ஒருவர் கும்பிடும் ஒரு விரல் குறையவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் உச்சிவெயிலில்
ஒருத்தர் வந்தார்.
விறுவிறுவென்று,
சென்னியப்பனைத் தவிர வேறெதையும் பார்க்காமல்,
குவியலைச் சுற்றாமல் விரலியை மிதித்துக்கொண்டு.
வலது கை வேட்டி மடிப்புக்குள்.
பத்தடி.
எட்டு.
என் கை போயிற்று.
அது என்னைக் கேட்டுப் போவதில்லை.
அவர் நெஞ்சுக்கு நேரே
கண்ணாடிக் கூட்டை நீட்டிக்கொண்டு
கால் அகட்டி நின்றேன்.

அவர் கையில் எடைச்சீட்டு.

"பதினோரு கிலோ குறையுதுங்க."
மூச்சு இரைத்தது அவருக்கு.
கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
எனக்குக் கண் தெரியவில்லை,
வாசிக்கத்தான் கண்ணாடியை எடுக்கிறேன்
என்று நினைத்திருப்பார்.
பக்கத்தில் வந்து, பொறுமையாய்,
ஒவ்வோர் எண்ணாக வாசித்துக் காட்டினார்.
சல்லடைப் பெண் ஒருத்தி
வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் பதினோரு கிலோவுக்கு எண்ணிக் கொடுத்தார்.
எண்ணும்போது
என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
எட்டடியில் குட்டை தவறாது.
உறையிலிருந்து வெளியே வர
ஒரு இமைப்புக்கும் குறைவு.
அதற்காகத்தான் நான் கேட்டேன்,
அதற்காகத்தான் ராவுத்தர் மூன்றாவதை எடுத்தார்.
அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.
என் கணக்கிலும்.

ஓட்டு எண்ணி முடித்த வாரம்
ஸ்டேசனில் ரசீதை நீட்டினேன்.
ஏட்டு பேரேட்டைத் திருப்பினார்.
"ரெண்டுமா?"

நெட்டையைத் தோளுக்குத் தூக்க
ஒரு முழு மூச்சு ஆகும்.
தூக்குவது ஊருக்கே தெரியும்.
அந்த ஒரு மூச்சுக்குள்
மடியிலிருந்து ஒரு சீட்டு வெளியே வந்துவிடலாம்.

"இது மட்டும் குடுங்க.
அதுக்கு அப்பறமா வாரனுங்க."

மாரப்பன் கதவைத் திறந்து பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
தன் சீட்டை ஒரு சாண்
முன்னால் இழுத்துக்கொண்டான்.